நான் அடைக்காத கசிவு

எனக்கு மூக்கினால்தான் பிழைப்பு நடந்தது. கண்டியில் கேஸ் அடுப்பு வைத்திருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற காலம் அது. சில ஹோட்டல்கள், தோட்டத்துப் பங்களாக்கள், டாக்டர்மார் வீடுகள், ஒரு கன்னியர் மடம். இவற்றில் எங்கே கேஸ் மணத்தாலும் கடைக்கு டெலிபோன் வரும், கடையிலிருந்து நான் போவேன். முதலாளி கண்டிக்குப் பக்கத்து அக்குறணையைச் சேர்ந்த முஸ்லிம். "இவன்ட மூக்க நம்பலாம்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லி என் தலைக்கனத்தை ஏற்றிவிட்டவர் அவர்தான். இருபத்தாறு வயதில் அந்த மாதிரிப் பேச்சுக்கு மயங்காதவன் யார்?

உண்மையைச் சொன்னால் மூக்கை நம்ப முடியாது. கேஸ் மணத்துக்குள் கால்மணி நேரம் இருந்து பாருங்கள், பழகிவிடும், ஒன்றும் மணக்காது. அதனால்தான் என் பையில் ஒரு சவர்க்காரத் துண்டும் ஒரு பழைய சவரப் பிரஷ்ஷும் எப்போதும் கிடக்கும். சவர்க்காரத்தைத் தண்ணீரில் கரைத்துக் குழாயின் பொருத்துகளில் பூசினால், கசிகிற இடத்தில் குமிழி வரும். வேலை அவ்வளவுதான். மற்றதெல்லாம் பந்தா.

எண்பத்து மூன்று ஜூலையில் வாவிக்கு மேலே, உடவத்தகலைக் காட்டை ஒட்டிய ஒரு விருந்தினர் விடுதியின் முற்றத்தில் ஒரு வீட்டு வான் நின்றது. வீட்டு வான் என்பது நாங்கள் கடையில் வைத்த பெயர். ஒரு பெரிய வானுக்குள் கட்டில், மேசை, குக்கர் என்கிற கேஸ் அடுப்பு, கேஸில் ஓடுகிற ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாவற்றையும் அடக்கியிருந்தார்கள். அதற்குச் சொந்தக்காரர்கள் வயதான ஒல்லாந்துத் தம்பதி. இந்தியாவெல்லாம் சுற்றிவிட்டு, வானைக் கப்பலில் ஏற்றிக் கொழும்பில் இறக்கி, கண்டிக்கு ஓட்டி வந்திருந்தார்கள். பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில் கண்டிக்குப் படையெடுத்து வந்து அகப்பட்டுக்கொண்ட ஒல்லாந்தரைப் பற்றிப் படித்திருக்கிறேன். இவர்களும் அப்படி அகப்படுவார்கள் என்றோ, கூடவே நானும் அகப்படுவேன் என்றோ அப்போது தெரியாது.

அவர்கள் நாட்டுச் சிலிண்டர் தீர்ந்துபோனதால், ஒரு கிழமைக்கு முன்னால் எங்கள் சிலிண்டர் ஒன்றை நான்தான் பொருத்திக் கொடுத்தேன். வானில் சிலிண்டருக்கென்று இருந்த பெட்டிக்குள் அது அடங்கவில்லை. குக்கருக்குக் கீழே இருந்த அலுமாரிக்குள் வைத்துக் கட்டினேன். கிழவர் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார், ஆனால் தேத்தண்ணீர் கொதித்ததும் சிரித்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் விடுதிக்காரம்மா, நாங்கள் நோனா என்று கூப்பிடுகிறவர், கடைக்குப் போன் பண்ணினார். வானுக்குள் கேஸ் மணக்கிறதாம், வெள்ளைக்கார அம்மாவுக்குத் தலையிடியாம். கொழும்பில் முதல் நாளிலிருந்தே தமிழர் வீடுகளும் கடைகளும் பற்றி எரிகின்றன என்று எங்களுக்கு அரைகுறையாகத் தெரியும். கண்டிக்கு அது வராது என்று நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொண்டோம். வேலைக்குப் போகிற ஒரு தமிழனை யார் என்ன செய்வார்கள் என்று நினைத்த மடையன் நான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாவிக் கரையோரமாக நடந்து போனேன்.

வானுக்குள் ஏறியதும் முதலில் என் கண்ணில் பட்டது தரையில் இருந்த ஒரு துணி அடைப்பு. கேஸ் காற்றைவிடக் கனம். தண்ணீர் மாதிரிக் கீழே இறங்கித் தரையில் தேங்கி நிற்கும். அது வெளியே வடிந்துபோகத்தான் இந்த மாதிரி வான்களின் தரையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஓட்டை வைத்திருக்கிறார்கள். கிழவர் அட்டை ஏறுகிறது, எறும்பு ஏறுகிறது என்று அந்த ஓட்டையில் பழைய கால்சட்டைத் துணியை அடைத்து வைத்திருந்தார்.

"இதை அடைத்தால் நீங்கள் இரண்டு பேரும் படுத்தபடியே செத்துப்போவீர்கள்," என்று எனக்குத் தெரிந்த ஓட்டை இங்கிலீஷில் சொன்னேன்.

அவருடைய காது சிவந்தது. அவருக்கும் என்னைப் போலத்தான் இங்கிலீஷ். அதனால் எங்களுக்குள் பேச்சு நன்றாகப் போனது. துணியைப் பிடுங்கி எறிந்தேன். சிலிண்டரின் வாயைப் பூட்டிவிட்டு, காற்றாட விட்டு, மறுபடி திறந்து ஒவ்வொரு பொருத்தாகச் சவர்க்காரம் பூசினேன். முக்கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால், கை நுழைய மட்டும் இடமுள்ள சந்தில், செம்புக் குழாய் வந்து சேர்கிற நட்டு தளர்ந்திருந்தது. இந்தியாவின் ரோடுகள் குலுக்கிய குலுக்கலில் கழன்றிருக்க வேண்டும். குமிழி குமிழியாக வந்தது. கால் சுற்று இறுக்கினால் முடிந்தது. அவ்வளவு சின்ன வேலை.

சிலிண்டரைப் பூட்டிவிட்டு ஸ்பானரை எடுக்கப் பையில் கை விட்டபோது நோனா முற்றத்தில் ஓடி வந்தார். ஓய்வு பெற்ற சிங்கள டீச்சர் அவர், விதவை. நடக்கும்போதுகூடச் சேலை மடிப்புக் கலையாதவர் அன்றைக்கு ஓடினார். எங்கள் பேச்செல்லாம் சிங்களத்தில்தான்.

"மகன், டவுனில கடைகளுக்கு நெருப்பு வைக்கிறாங்க. வெளிய வராத. கதவ மூடு."

நான் வான் படியில் நின்று எட்டிப் பார்த்தேன். வாவிக்கு அந்தப் பக்கம் கரும்புகை எழும்பிக்கொண்டிருந்தது, கூடவே படபடவென்று வெடிச் சத்தம். என் அறை ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேலே இருந்தது. அந்தக் கடையின் பெயிண்ட் டின்கள் வெடிக்கிற சத்தம்தான் அது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. கடைக்காரர் குடும்பம் முதல் நாளே மாத்தளைக்குப் போயிருந்தது மட்டும்தான் ஒரே ஆறுதல். என்னுடைய பெட்டி, உடுப்பு, அடையாள அட்டை எல்லாம் அந்தப் புகையோடு போயின.

"வீட்டுக்குள்ள கூப்பிடுவேன். ஆனா வந்தா வீட்டத்தான் முதல்ல பாப்பாங்க," என்றார் நோனா. "வெள்ளக்காரர்ட வாகனத்தில கைவைக்க யோசிப்பாங்க. பக்கத்து வீட்டு மேல்மாடியில இருந்து பாத்தா முற்றம் முழுக்கத் தெரியும். திரைய இழுத்து விடு. சன்னலத் திறக்காத."

கிழவர் கதவைச் சாத்தினார். திரைகளை இழுத்துவிட்டார். செம்மஞ்சள் நிறத் திரைகள். உள்ளே எல்லோருடைய முகமும் செம்மஞ்சளாகிவிட்டது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கண்டுபிடித்தாயா?"

"இல்லை," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னைக் கேட்டால், அந்த நிமிஷத்தில் ஒரு திட்டமும் கிடையாது. யார் எதைக் கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அடுத்த நாள் காலையில் அவர் அதே கேள்வியைக் கேட்டபோது நான் சொன்ன இல்லை வேறு. அது யோசித்துச் சொன்னது.

ஏனென்றால் இடையில் ஒரு போன் வந்தது. கொழும்பில் இருந்த அவர்களுடைய தூதரகத்திலிருந்து நோனாவின் வீட்டுக்குப் பேசினார்கள். எப்படியாவது கொழும்புக்கு வந்து சேருங்கள், விமானத்தில் அனுப்பிவிடுகிறோம் என்று சொன்னார்களாம். கிழவர் திரும்பி வந்து ரோடு மேப்பை மேசையில் விரித்தார். பேராதனையிலிருந்து கடுகண்ணாவைக் கணவாய்வரை விரலை ஓட்டிக்கொண்டு போனார். கடுகண்ணாவையில் விரல் நின்றது. அங்கே வாகனங்களை நிறுத்தி ஆளாளாகப் பார்க்கிறார்கள் என்று நோனாவின் சொந்தக்காரர் யாரோ சொல்லியிருந்தார். கிழவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு மேப்பை அதன் மடிப்புப்படியே மடித்து வைத்தார்.

அவர்கள் போகாமல் நின்றதற்கு ஒரே காரணம் அந்த அம்மா. எங்கேயோ வழியில் ஒரு வான் கேஸ் கசிந்து எரிந்ததைக் கண்ணால் பார்த்தவளாம். கசிவைச் சரிசெய்யாமல் இஞ்ஜினை ஸ்டார்ட் பண்ண விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்படியென்றால் கசிவு இருக்கும்வரை வான் இங்கே நிற்கும். வான் நிற்கும்வரை நான் அதற்குள் இருக்கலாம். நட்டைக் கால் சுற்று இறுக்கினால் அவர்கள் கொழும்புக்குப் போவார்கள், நான் முற்றத்தில் நிற்பேன். கணக்கில் நான் எப்போதும் கட்டைதான், ஆனால் இது எனக்கு உடனே விளங்கிவிட்டது.

ஆகவே, சிலிண்டரை இறக்கிவிட்டாலும் குழாயில் தங்கின கேஸ் போதும் பற்றிக்கொள்ள என்று சொல்லிவைத்துவிட்டுத் தேடினேன். காலையில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம். சவர்க்காரத்தைக் கரைத்து, பிரஷ்ஷை நனைத்து, நல்ல பொருத்துகள் என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றிலும் நுரை பூசினேன். குக்கரின் அடியில் பூசினேன். சிலிண்டரின் கழுத்தில் பூசினேன். ஃபிரிட்ஜின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டேன் என்றேன். கிழவர் முழங்காலில் நின்று எனக்கு டோர்ச் பிடித்தார். அவருக்கு முதுகு வலி. முழங்காலில் இருந்து எழும்பும்போது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகல் முனகுவார். ஒவ்வொரு முனகலும் எனக்கு முள்ளாகக் குத்தியது. குத்தினால் என்ன, நிறுத்தினேனா? இல்லை.

பூசும்போது சிலிண்டரைத் திறப்பதுபோல் கையை வைப்பேன், திறக்கமாட்டேன். அதனால் அந்த மூன்று நாளும் வானுக்குள் ஒரு சொட்டுக் கேஸ்கூட இல்லை. ஆனாலும் அந்த அம்மாவுக்கு மணந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு படுத்தாள். தலையிடிக்கிறது என்றாள். இரண்டாம் நாள் ஒரு பிளாஸ்டிக் கோப்பைக்குள் வாந்தி எடுத்தாள். நான் கசிகிறது என்று சொன்னதால் மணக்கிறது, மணக்கிறதால் வாந்தி வருகிறது. தன் மூக்கைவிட என் வாயை நம்பினாள் பாவி மனுசி. அதைப் பார்த்துக்கொண்டு நான் எதிர்க் கட்டிலில் குந்திக்கொண்டிருந்தேன்.

அடைபட்டுக் கிடப்பது என்றால் என்னவென்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. பதினாறு அடி நீளம், மூன்று பேர், மூடிய சன்னல். ஜூலைத் தூறல் கூரையில் விழுந்துகொண்டே இருந்தது. மேசையில் பாண், டின் மீன், நோனா உடுப்புக் கூடைக்குள் மறைத்துக் கொண்டுவருகிற வாழைப்பழம், பிளாஸ்க்கில் சுடுதண்ணீர். எழும்பி நின்றால் திரையில் நிழல் விழும் என்று பயந்து பகல் முழுவதும் உட்கார்ந்தே இருந்தேன். முதுகெலும்பு மரத்துப்போனது. கக்கூஸ் ஒரு மெல்லிய பலகைக் கதவுக்குப் பின்னால். அந்தப் பக்கம் இரண்டடி தூரத்தில் வெள்ளைக்கார அம்மா. நான் உள்ளே போகிற நேரமெல்லாம் கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ பேசத் தொடங்குவார். அந்த நாகரிகத்தை இன்றைக்கும் மறக்கமாட்டேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் கூரையில் தடதடவென்று கால்கள். இரண்டு, மூன்று, நான்கு பேர். வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நான் மேசைக்குக் கீழே போய்விட்டேன், எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. கிழவர் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். காட்டிலிருந்து வந்த குரங்குகள். எங்கள் வாழைப்பழத் தோல் மணத்துக்கு வந்திருந்தன. கிழவர் சிரித்தார். அந்த அம்மாகூடச் சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன், பல்லு கிட்டிக்கொண்டது.

அன்றைக்குப் பின்னேரம் நோனா கூடையோடு வந்தபோது ஒரு செய்தியும் கொண்டுவந்தார்.

"ரோட்டில ரெண்டு பேர் கேட்டாங்க, இந்த வாகனம் ஏன் போகாம நிக்குதுன்னு. கேஸ் கசியுது, பத்தினா என்ட வீடும் போகும், உங்கட வீடும் போகும்னு சொல்லியிருக்கிறேன். சிகரெட்டோட யாரும் கேட் பக்கம் வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கிறேன்." டீச்சர் குரலில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "கெதியா அதச் செஞ்சு முடி மகன். எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது."

அவரும் என்னை நம்பினார். ஊர் எரிகிற நேரத்தில் என்னை முற்றத்தில் ஒளித்து வைத்திருந்த மனுசிக்கு, இல்லாத கேஸைக் காட்டி நெஞ்சுப் படபடப்பு உண்டாக்கியிருந்தேன். "பாக்கிறேன் நோனா," என்றேன். வேறு என்ன சொல்ல?

மூன்றாம் நாள் முற்பகல் அவர்கள் உண்மையாகவே வந்தார்கள்.

கேட் இரும்பில் தடியால் அடிக்கிற சத்தம் முதலில் கேட்டது. திரைக்கும் சன்னல் சட்டத்துக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. அதில் கண்ணை வைத்தேன். ஆறேழு காடையர். ஒருவனிடம் பெட்ரோல் கேன். இன்னொருவன் கையில் தடி நுனியில் சாக்கைச் சுற்றிக் கொளுத்திய பந்தம், பட்டப்பகலில் அது மஞ்சளாகப் புகைந்துகொண்டிருந்தது. ஊரடங்குச் சட்டம் இவர்களுக்கு இல்லை போலும். நோனா கேட்டுக்கு உள்ளே கைகளை விரித்துக்கொண்டு நின்றார்.

"அதுக்குள்ள தமிழன் ஒருத்தன் இருக்கிறானாம்," என்றான் ஒருவன். மேல்மாடியிலிருந்து யார் பார்த்தார்களோ.

"வெள்ளக்காரர் ரெண்டு பேர்தான் இருக்காங்க. கேஸ் கசியுது. கிட்டப் போகாதீங்க. அந்த நெருப்ப எறிங்க முதல்ல!"

"கேஸ்னா மணக்கணுமே. மணக்கலையே."

மணக்காதுதான். நான்தான் பூட்டி வைத்திருக்கிறேனே. பந்தம் வைத்திருந்தவனைக் கேட்டில் நிறுத்திவிட்டு, மணக்கவில்லை என்றவன் நோனாவைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்குள் நடந்து வந்தான். வானைச் சுற்றி ஒரு நடை நடந்தான். கதவை இழுத்துப் பார்த்தான். பிறகு குனிந்து, கையை ஊன்றி, வானுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தான். அவன் மூச்சு வாங்குகிற சத்தம் தரை ஓட்டை வழியாக எனக்குக் கேட்டது.

"ஒண்ணும் மணக்கல! பொய் சொல்றா கிழவி. நெருப்பக் கொண்டு வா!" என்று அவன் அங்கிருந்தபடியே கத்தினான்.

நான் தரையில் குப்புற விழுந்தேன். இடது கை அலுமாரிக்குள் போய்ச் சிலிண்டரின் வாயை முழுக்கத் திறந்தது. வலது கை ஸ்பானரோடு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் அந்தச் சந்துக்குள் போனது. தேடவில்லை, தடவவில்லை, நேரே போய் அந்த நட்டைப் பிடித்தது. இறுக்க வேண்டிய நட்டைக் கழற்றினேன். கால் சுற்று, அரைச் சுற்று. உஸ் என்று சீறிக்கொண்டு வந்தது கேஸ். தரையில் வழிந்து, நான் துணியைப் பிடுங்கிய அந்த ஓட்டை வழியாக நேரே கீழே குனிந்திருந்தவன் முகத்தில் இறங்கியது.

தலையைத் திருப்பினேன். கிழவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் டோர்ச் பிடித்த மனிதர் அல்லவா? என் கை எங்கே போகும், எங்கே போகாது என்று அவருக்குத் தெரியும். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் சுவரோடு ஒட்டிப்போயிருந்தாள். கிழவர் அவளுடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கதவைத் திறந்து என்னை வெளியே தள்ளியிருக்கலாம். சத்தம் போட்டிருக்கலாம். செய்யவில்லை.

கேட்டில் நின்ற பந்தம் நாலு எட்டு இந்தப் பக்கம் வந்திருந்தால் மூன்று பேரும் கரிக்கட்டை. எனக்கு அது நன்றாகத் தெரியும், அதுதானே என் தொழில். தெரிந்துகொண்டுதான் திறந்தேன். அந்த இரண்டு கிழங்களையும் என்னோடு சேர்த்து எரிக்க நான் தயாராக இருந்தேன். இதை வேறு மாதிரிச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை, எத்தனையோ வருஷம் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

கீழே குனிந்திருந்தவன் இருமினான். தலையை வானின் அடித்தகட்டில் இடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தான்.

"கேஸ்தான்! கேஸ்தான்டா! கிட்ட வராத!"

நோனாவுக்கும் மணம் போயிருக்க வேண்டும். அவர் போட்ட கூச்சல் நடிப்பில்லை. "கானுக்குள்ள எறி! கானுக்குள்ள எறி! என்ட வீடு போகப்போகுது!" என்று தலையில் அடித்துக்கொண்டு பந்தக்காரனை நோக்கி ஓடினார். அவரிடம் படித்தவனோ என்னவோ, அவன் பந்தத்தை ரோட்டோரக் கானில் ஓடிய மழைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டு ஓடினான். மற்றவர்களும் ஓடினார்கள். ஒருவன் மட்டும் திரும்பி ஒரு கல்லை எறிந்தான், அது கூரையில் பட்டு உருண்டது.

சிலிண்டரைப் பூட்டினேன். ஸ்பானரில் நட்டு மூன்று தரம் வழுக்கியது. கடைசியில் இறுக்கினேன். கிழவர் எல்லாச் சன்னல்களையும் கதவையும் திறந்துவிட்டார். இரண்டு பேரும் வெளியே இறங்கிப் புல்லில் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் உள்ளே தரையில் கிடந்தேன், மேல்மாடியிலிருந்து பார்க்கிறவர்களை நினைத்து.

காற்றெல்லாம் மாறிய பிறகு கிழவர் உள்ளே வந்து கையை நீட்டினார். பிரஷ்ஷைக் கொடுத்தேன். சிலிண்டரை அவரே திறந்தார். சந்துக்குள் கையை விட்டு, அந்த நட்டில் அவரே சவர்க்காரம் பூசினார். டோர்ச்சை நான் பிடித்தேன். ஒரு குமிழியும் வரவில்லை. பிறகு கதவு வழியாகத் தன் மனைவிக்கு அவர்கள் பாஷையில் இரண்டு வார்த்தை சொன்னார். எனக்கு அந்தப் பாஷை தெரியாது, ஆனால் அந்த இரண்டு வார்த்தையும் விளங்கியது: அவனுக்குத் தெரியும். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு என் பக்கமே திரும்பவில்லை.

நோனா வந்து படியில் உட்கார்ந்தார்.

"நல்ல வேள மகன், நீ அத இன்னும் செஞ்சு முடிக்கல," என்றார். "முடிச்சிருந்தா இன்டைக்கு என்ன நடந்திருக்கும்?"

கிழவர் சிங்களம் தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கவில்லை.

அடுத்த நாள் காலையில் ஊரடங்கைச் சில மணி நேரம் தளர்த்தினார்கள். முதலாளி சிலிண்டர் ஏற்றுகிற வானை எடுத்துக்கொண்டு தானே வந்துவிட்டார். கடைக் கணக்குப்பிள்ளை சொல்லித்தான் நான் எங்கே போனேன் என்று தெரியுமாம்.

"அல்ஹம்துலில்லாஹ். உசிரோட ஈக்கிறாய்," என்று என் தலையைப் பிடித்து ஆட்டினார். "அக்குறணைக்குப் போவம். எங்கட வீட்டுல எத்தின நாளும் ஈக்கலாம். வேல முடிஞ்சா?"

"முடிஞ்சிருச்சு முதலாளி."

அதற்குள் ஒல்லாந்துக்காரர்களும் புறப்பட ஆயத்தமாகிவிட்டார்கள். நான் ஏற வேண்டிய வான் வந்துவிட்டதால் இனி அவர்களுக்கும் தடையில்லை. அந்த அம்மா குக்கருக்குக் கீழே இருந்த அலுமாரியைத் திறந்து, சிலிண்டரைக் காட்டி, கிழவரிடம் ஏதோ கறாராகச் சொன்னாள். அவர் குழாயைக் கழற்றி, முனகிக்கொண்டே அதைத் தூக்கி வந்து புல்லில் வைத்தார். இப்போது ஒரு சொட்டும் கசியாது, நானே நெருப்புக்குச்சி கிழித்துக் காட்டுகிறேன் என்று சொன்னேன். அவள் சன்னலை மூடினாள். கொழும்புவரை ஆறிய தண்ணீரைக் குடித்துக்கொண்டு போனாலும் போவாளே தவிர, நான் சரி என்று சொன்ன பொருத்தை நம்பமாட்டாள். அதுவரை என் வேலையை யாரும் அப்படித் திருப்பித் தந்ததில்லை. செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. வாய் திறக்க எனக்கு என்ன யோக்கியதை?

சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு முதலாளியின் வானுக்கு நடந்தேன். கிழவர் பின்னாலேயே வந்தார். அதை ஏற்றி வைத்த பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரே நின்றேன்.

"முதல் நாளேவா?" என்று கேட்டார்.

"முதல் நாளே."

தலையை ஆட்டினார். ஏன் என்று கேட்கவில்லை. அதனால் நான்தான் கேட்க வேண்டியதாயிற்று. மூன்று நாளாக அந்தப் பதினாறு அடிக்குள் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி அது.

"அன்றைக்கே நான் அதை இறுக்கியிருந்தால், நீங்கள் போயிருப்பீர்களா?"

கிழவர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். தன் வானைத் திரும்பிப் பார்த்தார். சன்னலுக்குப் பின்னால் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"போயிருப்போம்," என்றார். "அன்றைக்கே போயிருப்போம்."

எனக்குக் கோபம் வரவில்லை. உன்னை விட்டுவிட்டா போயிருப்போம் என்று அவர் சொல்லியிருந்தால், அந்த இரண்டு உயிரையும் நெருப்புக்கு முன்னால் வைத்ததை நான் எங்கே கொண்டுபோய்ப் போடுவேன்? நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை அவர் தூக்கி எடுத்துவிட்டார். தேங்க் யூ என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.